வரிச்சீட்டும் வாக்குச்சீட்டும்

கேள்வி: ஹூஸ்டனை அடுத்த சைப்ரஸ் பகுதியில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். நானும் என் அம்மாவும் அண்மையில்தான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றோம். நவம்பர் தேர்தலுக்கான மாதிரி வாக்குச்சீட்டைப் பார்த்தால், மேலே உள்ள நான்கைந்து பெயர்களைத் தவிர மற்ற யாரையும் தெரியவில்லை. நீதிபதிகள் மட்டுமே பக்கம் பக்கமாக வருகிறார்கள். தெரியாதவருக்கு வாக்களிப்பது தவறா? விட்டுவிட்டால் வாக்கு செல்லாததாகிவிடுமா? இவ்வளவையும் ஒரு சாதாரண மனிதர் எப்படித்தான் தெரிந்துகொள்வது? அம்மாவுக்கு ஆங்கிலம் சரளமாக வராது. வாக்குச்சாவடியில் அவருக்கு நான் உதவலாமா?

பதில்:

எளிதான பகுதியை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள் விட்டுவிடும் போட்டிகள், நீங்கள் குறித்த போட்டிகளை எந்த வகையிலும் பாதிக்காது. உங்கள் சைப்ரஸ் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியில் தொடுதிரையில் தேர்ந்தெடுத்து முடித்ததும் உங்கள் தேர்வுகள் அனைத்தும் ஒருமுறை திரையில் காட்டப்படும். விட்டுவிட்ட இடங்களில் தேர்வு இல்லை என்றே இருக்கும். பிறகு அது தாளில் அச்சாகி வரும், அதைச் சரிபார்த்து நீங்களே ஸ்கேனரில் செலுத்த வேண்டும். 2022 நவம்பரில் அந்தத் தாள் ஒன்று போதாமல் நீளமான இரண்டு தாள்களாக வந்தது என்றால் போட்டிகளின் எண்ணிக்கையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அத்தனையையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இந்தக் கவுண்டியில் சில தேர்தல்களில் நான் வாக்குச்சாவடிப் பணியாளராக இருந்திருக்கிறேன். திரையின் முன் நிற்பவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்பதைத் திரையைப் பார்க்காமலேயே ஓரளவு சொல்லிவிடலாம். முதல் இரண்டு பக்கங்களில் விரல் தயங்குவதே இல்லை. பிறகு வேகம் குறையும், கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொள்வார்கள், பின்னால் நிற்கும் வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள், அதன்பின் ஏதோ ஒரு தாளத்தில் விரல் இறங்கத் தொடங்கும். அந்தத் தாளம் வந்துவிட்டால் அவர் பெயர்களைப் படிப்பதை நிறுத்திவிட்டார் என்று பொருள். ஒருமுறை நம்மவர் ஒருவர், என் பெயர்ப்பட்டியைப் பார்த்துவிட்டு, தமிழிலேயே தாழ்ந்த குரலில், "சார், இந்த ரயில்ரோடு கமிஷனர் வந்தா நம்ம பக்கம் ரயில் வருமா?" என்று கேட்டார். பணியாளர்கள் இயந்திரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று மட்டுமே சொல்லலாம். பதவிகளையோ வேட்பாளர்களையோ விளக்கக் கூடாது. சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது.

ஏனென்றால் அந்தக் கேள்வியில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. டெக்சஸ் ரயில்ரோடு ஆணையம் 1891-இல் ரயில் கட்டணங்களை ஒழுங்குபடுத்தத் தொடங்கப்பட்டதுதான். ஆனால் ரயில் தொடர்பான அதன் கடைசிப் பொறுப்பும் 2005-இல் வேறு துறைக்குப் போய்விட்டது. இன்று அது எண்ணெய்க் கிணறுகள், எரிவாயுக் குழாய்கள், எரிவாயுக் கட்டணம் ஆகியவற்றைக் கவனிக்கிறது. மூன்று ஆணையர்கள், ஒவ்வொருவருக்கும் ஆறாண்டுப் பதவி. பலகை ஒன்றும் கடையில் விற்கும் சரக்கு வேறொன்றுமாக இருக்கும்போது வாங்க வருபவரைக் குறை சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது? கவுண்டி ஜட்ஜ் என்ற பதவியையும் பாருங்கள். பெயரைக் கேட்டால் நீதிபதி என்று தோன்றும். உண்மையில் அவர் நான்கு ஆணையர்களுடன் சேர்ந்து கவுண்டியின் வரவுசெலவுத் திட்டத்தை முடிவுசெய்பவர், புயல் வெள்ளம் வந்தால் அவசரகால நிர்வாகத்தின் தலைவர். அந்த ஐவர் கூடும் அவைக்கும் கமிஷனர்ஸ் கோர்ட் என்றுதான் பெயர்; அங்கே வழக்கு எதுவும் நடப்பதில்லை. டாக்ஸ் அசெஸர் கலெக்டர் வரிவிகிதத்தை நிர்ணயிப்பதில்லை, வசூலிக்க மட்டுமே செய்கிறார். உங்கள் கார் பதிவு ஸ்டிக்கரும் அந்த அலுவலகத்திலிருந்தே வருகிறது.

நான் சொல்ல விரும்புவது இதைத்தான். கீழ்நிலைப் பதவிகளைப் பற்றிப் பேசும்போது, வாக்காளருக்கு வேட்பாளரைத் தெரியவில்லை என்றே எல்லாரும் கவலைப்படுகிறார்கள். அது இரண்டாம் பிரச்சினை. முதல் பிரச்சினை பதவியையே தெரியாதது. பதவியின் அதிகாரம் தெரிந்துவிட்டால் வேட்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி தானாக வந்துவிடும். அது தெரியாதபோது வேட்பாளரின் படிப்பு, குடும்பம், கோவில், கொள்கை என எவ்வளவு தெரிந்திருந்தாலும் பயனில்லை.

உங்கள் அம்மாவுக்கு இது விந்தையாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டு ஊராட்சித் தேர்தலில் வாக்காளர் கையில் நான்கு நிறச் சீட்டுகள் தரப்படும்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். அங்கே பதவி கீழே இறங்க இறங்க ஆள் நெருக்கமாகிறார். வார்டு உறுப்பினருக்கு நிற்பவர் பக்கத்துத் தெரு. தலைவருக்கு நிற்பவரின் தாத்தாவையும் தெரியும், குடிநீர்க் குழாயடியில் அவர் செய்ததும் செய்யாததும் தெரியும். மாவட்டக் கவுன்சிலர் யார் என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்கள். 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் இரண்டு கட்டங்களிலும் முக்கால் பங்குக்கும் மேற்பட்டவர்கள் வாக்களித்தார்கள். அமெரிக்க வாக்குச்சீட்டு இதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கிறது: ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவரைப் பற்றி எல்லாம் தெரியும், உங்கள் தெருவின் மழைநீர் வடிகாலுக்குப் பொறுப்பானவரின் பெயர்கூடத் தெரியாது. மக்களின் அலட்சியம் மட்டும் இதற்குக் காரணமில்லை. இந்நாட்டில் 90,000-க்கும் மேற்பட்ட உள்ளாட்சி அமைப்புகள் இருக்கின்றன. ஒரே வீடு அவற்றில் ஆறேழு அமைப்புகளுக்குள் ஒரே நேரத்தில் அடங்கியிருக்கும், அவற்றின் எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை, தேர்தல் நாள்களும் ஒன்றாக இருப்பதில்லை.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் பெல் நகரத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் அப்போது ஏறத்தாழ 36,000 பேர் வாழ்ந்த, உழைக்கும் மக்களின் சிறிய நகரம் அது. பெரும்பாலானவர்கள் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்தினர். 2005 நவம்பரில் அங்கே ஒரு சிறப்புத் தேர்தல் நடந்தது. வேட்பாளர் யாரும் இல்லை, ஒரே ஒரு கேள்விதான்: நகரம் தனக்கென ஒரு சாசனத்தை ஏற்றுக்கொள்ளலாமா? கேட்பதற்குத் தன்னாட்சி போலவும் பெருமை போலவும் இருக்கும் இந்தக் கேள்வியின் உள்ளே, நகர மன்ற உறுப்பினர்களின் ஊதியத்துக்கு மாநிலச் சட்டம் விதித்திருந்த உச்சவரம்பிலிருந்து நகரம் விடுபடும் என்ற செய்தி ஒளிந்திருந்தது. வாக்குச்சீட்டில் ஊதியம் என்ற சொல்லே இல்லை. வாக்களித்தவர்கள் 400 பேருக்கும் குறைவு, சாசனம் நிறைவேறியது. பிறகு பகுதிநேர மன்ற உறுப்பினர்கள் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரை நெருங்கும் ஊதியம் பெற்றார்கள். நகர மேலாளர் ராபர்ட் ரிசோவின் ஊதியம் ஏறத்தாழ எட்டு லட்சம் டாலரைத் தொட்டது. நாட்டின் அதிபருக்கே நான்கு லட்சம்தான். பக்கத்து ஊரான மேவுட்டின் சிக்கல்களை விசாரிக்கப் போன லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் செய்தியாளர்கள் இதைத் தற்செயலாகக் கண்டுபிடித்து 2010 ஜூலையில் வெளியிட்ட பிறகுதான் ஊர் விழித்தது. கவுண்டியிலேயே மிக உயர்ந்த சொத்துவரி விகிதங்களில் ஒன்றை அந்த ஏழை மக்கள் செலுத்திக்கொண்டிருந்தார்கள் என்பதும் அப்போதுதான் தெரிய வந்தது. 2011 மார்ச்சில் மன்ற உறுப்பினர்களை வாக்கெடுப்பின் மூலம் பதவியிலிருந்து நீக்கினார்கள். 2014-இல் ரிசோவுக்குப் பன்னிரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அறியாத வாக்காளர்கள் தவறாக வாக்களித்த கதை என்றே இதைச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேள்வியை எழுதியவர்களுக்கு அதன் பொருள் நன்றாகத் தெரிந்திருந்தது, மக்கள் வர மாட்டார்கள் என்பதும் தெரிந்திருந்தது. தேர்தல் தேதி அந்த அறிவை வைத்தே குறிக்கப்பட்டதுபோல் இருக்கிறது.

கலிஃபோர்னியா வரை போவானேன், உங்கள் வீட்டு வாசலிலேயே ஒன்று இருக்கிறது. சைப்ரஸில் வீடு என்றால் அநேகமாக ஏதோ ஒரு நகராட்சிப் பயன்பாட்டு மாவட்டத்துக்குள்தான் (Municipal Utility District, சுருக்கமாக MUD) இருக்கும். நம்மவர்கள் மட் டாக்ஸ் என்று அலுத்துக்கொள்வது அதன் வரியைத்தான். பண்ணை நிலத்தை மனைகளாக்கும் நிறுவனம், குடிநீர்க் குழாய், கழிவுநீர், வடிகால் ஆகியவற்றுக்குச் செய்யும் செலவை அந்த மாவட்டத்தின் பெயரில் கடன் பத்திரம் வெளியிட்டு மீட்டுக்கொள்கிறது. பத்திரத்தை அடைப்பவர்கள் பின்னால் வீடு வாங்கி வருபவர்கள். பத்திரம் வெளியிட வாக்காளர் ஒப்புதல் வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் ஒப்புதல் கேட்கும் நேரத்தில் அந்த நிலத்தில் வீடே இராது. ஆகவே நகரும் வீடு ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, அதில் ஓரிருவரைக் குடிவைத்து, அந்த ஓரிரண்டு வாக்குகளால் பல கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் பெறுவது டெக்சஸில் நெடுங்காலமாக நடந்துவரும், பத்திரிகைகள் பலமுறை எழுதிய நடைமுறை. முறை சட்டப்படியானது, பல இடங்களில் அது இல்லாமல் அந்தக் குடியிருப்பே உருவாகியிருக்காது என்பதும் உண்மை. வீடு வாங்கும்போது நீங்கள் கையெழுத்திட்ட தாள்க்கற்றையில் அந்தக் கடனைப் பற்றிய அறிவிப்பு ஒன்றும் இருந்திருக்கும். நான் என்னுடையதைப் படித்தது குடிவந்து மூன்றாண்டு கழித்துத்தான்.

அந்த மாவட்டத்தை நடத்துபவர்கள் ஐந்து இயக்குநர்கள். அவர்களுக்கான தேர்தல் பொதுவாக இரட்டைப்படை ஆண்டுகளின் மே மாதத்தில் வரும், நீங்கள் பார்த்த நவம்பர் சீட்டில் வராது. எதிர்த்து யாரும் நிற்கவில்லை என்றால் தேர்தலையே ரத்துசெய்து இருப்பவரை வென்றவராக அறிவித்துவிடலாம். பெரும்பாலும் நடப்பது அதுவே. கூட்டம் நகரத்திலுள்ள ஏதோ ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில், வேலைநாள் நண்பகலில் நடந்தால் வேலைக்குப் போகிறவர் எப்படிப் போவார்? இந்த இருக்கைகளில் ஒன்றுக்கு நீங்கள் வாக்களிப்பது இருக்கட்டும், நிற்கவே செய்யலாம்.

தெரியாதவருக்கு வாக்களிப்பது தவறா என்ற கேள்விக்கு வருகிறேன். கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. எல்லாம் தெரிந்த பிறகுதான் வாக்களிக்க வேண்டும் என்றால் யாரும் வாக்களிக்க முடியாது. நம்பத் தகுந்த ஒரு குறிப்பை வைத்து முடிவெடுப்பதைத்தான் வாழ்க்கை முழுவதும் செய்கிறோம். 1988-இல் கலிஃபோர்னியாவில் வாகனக் காப்பீட்டைப் பற்றி ஒன்றோடொன்று மோதும் ஐந்து முன்மொழிவுகள் ஒரே சீட்டில் வந்தன. ஆர்தர் லூபியா என்ற அரசியல் அறிவியலாளர் அதை ஆராய்ந்து 1994-இல் எழுதியது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. முன்மொழிவுகளின் உள்ளடக்கம் தெரியாவிட்டாலும், எதைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஆதரிக்கின்றன என்ற ஒன்றை மட்டும் அறிந்திருந்தவர்கள், முழு விவரமும் தெரிந்தவர்களைப் போலவே ஏறத்தாழ வாக்களித்திருந்தார்கள் என்று அவர் கண்டார். ஆகவே குறுக்குவழி குற்றமில்லை. எந்தக் குறிப்பு பதவியோடு தொடர்புடையது, எது தொடர்பற்றது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தொடர்பற்ற குறிப்புகளில் முதன்மையானது பெயர். 1976-இல் டெக்சஸ் உச்ச நீதிமன்ற இருக்கை ஒன்றுக்கு டான் யார்ப்ரோ என்ற வழக்கறிஞர் போட்டியிட்டார். மாநிலமே அறிந்த முன்னாள் செனட்டர் ரால்ஃப் யார்பரோவும், ஆளுநர் பதவிக்குப் பலமுறை நின்ற டான் யார்பரோவும் வேறு ஆள்கள், எழுத்தும் வேறு. ஆனால் காதுக்கு ஒன்றுதான். அனுபவம் மிக்க நீதிபதி ஒருவரைத் தோற்கடித்து அவர் வென்றார். அடுத்த ஆண்டே பதவி விலக நேர்ந்தது, பிறகு பொய்ச் சாட்சியக் குற்றத்தில் தண்டனை பெற்றுக் கிரெனடா தீவுக்கு ஓடிப்போனார். 2024-இல் இராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் நின்றபோது அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் நின்றதைப் பார்த்துச் சிரித்த நமக்கு இது புதிதல்ல. இந்தியாவில் சின்னம் என்ற ஒன்று கைகொடுக்கிறது. இங்கே அதுவும் இல்லை.

கட்சி அடையாளம் இதைப்போல் அவ்வளவு தொடர்பற்றது அல்ல. ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் அது நல்ல குறிப்பே. நீதிபதிகளுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதில் டெக்சஸ் நீதிபதிகளுக்கே ஐயம் உண்டு; 2004 முதல் 2013 வரை மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த வாலஸ் ஜெஃபர்சன், கட்சி அடிப்படையில் நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கைவிட வேண்டும் என்று வலியுறுத்தி வந்தார். ஹாரிஸ் கவுண்டியில் 1994-இல் அலை ஒரு பக்கம் அடித்தபோது ஏறக்குறைய எல்லா நீதிபதி இருக்கைகளும் குடியரசுக் கட்சிக்குப் போயின. 2018-இல் மறுபக்கம் அடித்தபோது ஐம்பதுக்கும் மேற்பட்ட இருக்கைகளை ஜனநாயகக் கட்சி மொத்தமாக வாரிக்கொண்டது. அடித்துச் செல்லப்பட்டவர்களில் நல்ல நீதிபதிகளும் இருந்தார்கள், போக வேண்டியவர்களும் இருந்தார்கள். அலைக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஒரே பொத்தானில் கட்சி முழுவதற்கும் வாக்களிக்கும் வசதி டெக்சஸில் 2020 முதல் நீக்கப்பட்டுவிட்டது. அதனால்தான் உங்களுக்கு இந்தப் பக்கங்கள் இவ்வளவு நீளமாகத் தெரிகின்றன.

அறியாதவர்கள் வாக்களிக்காமல் இருப்பதே நாட்டுக்கு நல்லது, ஒரு சிறு தேர்வு வைத்துவிடலாம் என்று படித்த நண்பர்கள் சிலர் விருந்துகளில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தத் தேர்வை இந்த நாடு வைத்துப் பார்த்தது. தென்மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வு கறுப்பின மக்களை வடிகட்டவே பயன்பட்டது, 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் அதை முடக்கியது. டெக்சஸ் தன் பங்குக்கு 1902 முதல் 1966 வரை வாக்களிக்கத் தலைவரி வாங்கியது. யாருக்குப் போதுமான அறிவு உண்டு என்று முடிவுசெய்யும் உரிமையை யாரிடமும் கொடுக்க முடியாது என்பதே என் எண்ணம். ஒரு குறிப்பிட்ட போட்டியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அறிந்தவர்கள் முடிவுசெய்யட்டும் என்று நீங்களாக அந்த இடத்தை விட்டுவிடுவது முற்றிலும் வேறு. நானே பலமுறை விட்டிருக்கிறேன்.

இனி எப்படித் தெரிந்துகொள்வது என்பதைப் பார்ப்போம். வேட்பாளர் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள், களைத்துவிடுவீர்கள். தேர்தல் நேரத்தை ஒட்டியே சொத்துவரிச் சீட்டும் வரும்; வங்கியே வீட்டுக் கடனோடு சேர்த்து வரியைக் கட்டிவிடுவதால் அதை நம்மில் பெரும்பாலோர் திறந்தே பார்ப்பதில்லை. அதைத் திறந்து, பக்கத்தில் மாதிரி வாக்குச்சீட்டை வையுங்கள். வரிச்சீட்டில் வரிவரியாக யார் யாருக்கு எவ்வளவு என்று இருக்கும்: பள்ளி மாவட்டம், கவுண்டி, வெள்ளக் கட்டுப்பாட்டு மாவட்டம், துறைமுக ஆணையம், மருத்துவமனை மாவட்டம், சமுதாயக் கல்லூரி, அவசரச் சேவை மாவட்டம், உங்கள் பயன்பாட்டு மாவட்டம். ஒன்றுக்கு மேற்பட்ட சீட்டுகளாகவும் வரலாம். ஒவ்வொரு வரிக்கும் நேரே, இந்த விகிதத்தை நிர்ணயித்தது யார், அவர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எந்த மாதத்தில் என்று பென்சிலால் எழுதுங்கள். சிலவற்றுக்கு விடை, கமிஷனர்ஸ் கோர்ட்டின் அதே ஐந்து பேர் என்று வரும். சிலவற்றுக்கு யாரையும் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை என்று வரும். ஒரு மாலைப்பொழுது போதும். டெக்சஸில் மாநில வருமானவரி இல்லை என்று மகிழ்ந்து குடிவந்தவர்களுக்கு அந்த மாலை கொஞ்சம் கசக்கும்.

சீட்டில் மிகப் பெரிய தொகைக்கு நேரே இருப்பது பள்ளி மாவட்டம்தான். ஆகவே உங்கள் நேரத்தின் பெரும்பங்கும் அதற்கே போக வேண்டும். உங்கள் பகுதியின் பள்ளி மாவட்டமான சை-ஃபேரின் வாரியத்தில் இருக்கும் ஏழு உறுப்பினர்கள் கட்சிப் பெயரில்லாமல் நிற்கிறவர்கள். பேருந்துத் தடங்கள், நூலகர்களின் எண்ணிக்கை, மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளரின் நியமனம் எல்லாம் அவர்கள் கையில். 2024 மே மாதத்தில் பாடநூல்களிலிருந்து தடுப்பூசி, காலநிலை உள்ளிட்ட பொருள்கள் குறித்த 13 அத்தியாயங்களை விலக்க முடிவெடுத்ததும் அந்த வாரியமே. அந்த முடிவை ஆதரிப்பவர்களும் இருக்கிறார்கள், எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். இருதரப்பிலும் பலருக்கு, அதை எடுத்தது ஏழு பேர் கொண்ட வாரியம் என்பதும், அவர்களைத் தேர்ந்தெடுத்த தேர்தலில் தாங்கள் வாக்களிக்கவே இல்லை என்பதும் செய்தி வந்த பிறகுதான் தெரிந்தது. டாலஸ் பக்கத்தில் 2022-இல் பேட்ரியட் மொபைல் ஆக்‌ஷன் என்ற அரசியல் குழு நான்கு பள்ளி மாவட்டங்களில் பதினொரு வேட்பாளர்களை ஆதரித்தது, பதினொருவரும் வென்றார்கள். வாக்காளர் வராத தேர்தலில் கொஞ்சம் ஒழுங்கமைப்பே போதும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். வேறு மாநிலங்களில் ஆசிரியர் சங்கங்கள் அதை வெகுகாலம் முன்பே கண்டுகொண்டிருந்தன.

பள்ளிக் கடன் பத்திரங்களுக்கான கேள்விகளைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவற்றின் மேல் "இது சொத்துவரி உயர்வு" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டே ஆக வேண்டும், பழைய கடன் அடைந்து வரிவிகிதம் ஏறாமலே இருக்கப்போகும் நிலையிலும்கூட. பெல் நகரத்துச் சீட்டு சொல்ல வேண்டியதை மறைத்தது. இது சில நேரங்களில் இல்லாததைச் சொல்கிறது. மாவட்டத்தின் வலைத்தளத்தில் விகிதம் எவ்வளவு மாறும் என்ற கணக்கு இருக்கும், அதைப் பாருங்கள்.

2024 மே மாதத்தில் முதன்முறையாகச் சொத்து மதிப்பீட்டு மாவட்டத்தின் மூன்று இயக்குநர்களை நேரடியாகத் தேர்ந்தெடுத்தோம். பெரிய கவுண்டிகள் எல்லாவற்றிலும் அது நடந்தது. உங்கள் வீட்டு மதிப்பைக் குறைப்பேன் என்று சொல்லிச் சிலர் வாக்குக் கேட்டார்கள். அந்த வாரியத்துக்குத் தனி வீட்டின் மதிப்பை மாற்றும் அதிகாரமே கிடையாது. தலைமை மதிப்பீட்டாளரை நியமிப்பதும், மேல்முறையீட்டைக் கேட்கும் குழுவை அமைப்பதும்தான் அதன் முக்கிய வேலை. பதவியைத் தெரிந்தவருக்கு அந்த வாக்குறுதியைக் கேட்டதும் அந்த வேட்பாளரைக் கழித்துவிடுவது எளிது.

நீதிபதிகளுக்கு வரிச்சீட்டு உதவாது. எல்லாரையும் படிக்க முயலாமல், உங்கள் வாழ்க்கையைத் தொடக்கூடிய நீதிமன்றங்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றும் வழக்குகளையும் 20,000 டாலர் வரையிலான பணவழக்குகளையும் கேட்பவர் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ். அவர் சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. அடுத்தது குடும்ப நீதிமன்றம். ஹூஸ்டன் வழக்கறிஞர் சங்கம் தன் உறுப்பினர்களிடம் நடத்தும் கருத்துக் கணிப்பைப் பாருங்கள், ஆனால் அங்கே வாக்களிப்பவர்கள் அந்த நீதிபதியின் முன் வழக்காடுபவர்கள் என்பதை மறக்காதீர்கள். நீதித்துறை நடத்தை ஆணையம் ஒருவரை வெளிப்படையாகக் கண்டித்திருந்தால் அது பொதுப் பதிவில் இருக்கும். உள்ளூர்ச் செய்தித்தாளின் பரிந்துரையில் நான் முடிவைவிடக் காரணத்தையே படிப்பேன்; நேரத்துக்கு வருகிறாரா, வழக்குகள் தேங்குகின்றனவா என்பது அங்கேதான் கிடைக்கும். மகளிர் வாக்காளர் கழகம் எல்லா வேட்பாளரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, விடையை அப்படியே வெளியிடுகிறது. பதில் அனுப்பாதவரின் இடம் வெறுமையாக இருக்கும், அதுவும் ஒரு விடை.

நம் சங்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பொங்கல் விழா மேடைக்கு வேட்பாளர்கள் வருகிறார்கள், பொன்னாடை போர்த்துகிறோம், அவர் வணக்கம் என்று இரண்டு முறை சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார், படம் எடுத்துக்கொள்கிறோம். அவர் நிற்கும் பதவியின் அதிகாரம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. அறநிறுவனமாக வரிவிலக்குப் பெற்ற அமைப்பு எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது என்பது சட்டம். எல்லாரையும் சமமாக அழைத்து ஒரே கேள்வியைக் கேட்பதைச் சட்டம் தடுக்கவில்லை. "உங்கள் வாரியம் சென்ற ஆண்டு எடுத்த எந்த முடிவை நீங்கள் மாற்றியிருப்பீர்கள்?" என்ற ஒரே கேள்வி போதும், பாதிப் பேருக்கு வியர்த்துவிடும். தேர்தலுக்கு முந்தைய இரவு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும், யார் எழுதினார் என்றே தெரியாத பட்டியலைவிட அது எவ்வளவோ மேல்.

முடிவுசெய்தவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டெக்சஸில் வாக்களிக்கும் இடத்திலிருந்து நூறு அடிக்குள் கைபேசியைப் பயன்படுத்தக் கூடாது. கையால் எழுதிய குறிப்புக்குத் தடையில்லை. முன்கூட்டி வாக்களிக்கும் நாள்களில், முற்பகலில் போனால் பின்னால் வரிசை நெருக்காது.

அம்மாவுக்கு நீங்கள் தாராளமாக உதவலாம். ஹாரிஸ் கவுண்டியின் சீட்டு ஆங்கிலம், ஸ்பானிஷ், வியட்நாமியம், சீனம் ஆகிய மொழிகளில் கிடைக்கும், தமிழில் இல்லை. ஆனால் மொழியால் தடுமாறும் வாக்காளர் தாம் விரும்பும் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளக் கூட்டாட்சிச் சட்டம் உரிமை தருகிறது. வேலை தருபவரும், அவருடைய பிரதிநிதியும், வாக்காளர் சார்ந்த தொழிற்சங்கத்தின் பிரதிநிதியும் மட்டும் துணையாக இருக்கக் கூடாது. 2014-இல் இதே டெக்சஸின் வில்லியம்சன் கவுண்டியில், வங்காள மொழி பேசும் ஒரு தாய்க்கு மொழிபெயர்க்க வந்த மகனை, வேறு கவுண்டியில் பதிவுபெற்ற வாக்காளர் என்று காரணம் சொல்லி அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. உங்களிடம் ஓர் உறுதிமொழி வாங்குவார்கள்: சொல்லாலோ சைகையாலோ எப்படி வாக்களிப்பது என்று காட்ட மாட்டேன் என்று. திரையில் இருப்பதை அப்படியே தமிழில் படித்துக்காட்டி, அவர் சொல்வதை மட்டும் குறிக்க வேண்டும். "நீயே சொல்லுப்பா, யாருக்குப் போடறது?" என்று அவர் அங்கே கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடியாது. ஆகவே வரிச்சீட்டை விரித்துவைத்து உட்காரும் அந்த மாலையில் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். அவருக்கென ஒரு தனித் தாளையும் அவர் கையாலேயே தமிழில் எழுதச் சொல்லுங்கள்.